பொருளும் முறையும்: பொடுகுக்கான வீட்டு வைத்தியத்தை மதிப்பிடல்

பொடுகுக்கு என்ன தேய்க்கலாம் என்று கேட்டால் நம் ஊரில் பதில் சொல்லாதவர் இல்லை. வேப்பிலை, ஊறவைத்து அரைத்த வெந்தயம், புளித்த தயிர், எலுமிச்சைச் சாறு, சின்ன வெங்காயம், செம்பருத்தி இலை, பாலில் அரைத்த மிளகு, பொடுதலைத் தைலம் என்று பட்டியல் நீளும். இவற்றை அப்படியே நம்புவோர் உண்டு. ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிடும் மருத்துவர்களும் உண்டு. இரு சாராரும் பொருளைப் பற்றி மட்டுமே வாதிடுகிறார்கள் என்பதே என் ஆட்சேபம். வீட்டு வைத்தியம் என்பது பொருள், அளவு, தலையில் வைத்திருக்கும் நேரம், கழுவும் விதம், இடைவெளி எல்லாம் சேர்ந்த செய்முறை. பொருளை மட்டும் காப்பாற்றிக்கொண்டு மற்றவற்றைக் கைவிட்டுவிட்டோம். அதனால், பயன் தந்திருக்கக்கூடிய முறைகள் சில இன்று பொடுகுக்குத் தீனி போடும் முறைகளாக மாறியுள்ளன. இதற்கு முதற்சான்று எண்ணெய். அதைப் புரிந்துகொள்ள, பொடுகு எப்படி உண்டாகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பிரெஞ்சு மருத்துவர் லூயி சார்ல் மலாசே 1874-இல் பொடுகுச் செதிலில் ஈஸ்ட் வகைப் பூஞ்சை ஒன்றைக் கண்டு விவரித்தார். அவர் பெயரால் அது மலாசேசியா எனப்படுகிறது. பொடுகு உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடின்றி எல்லார் தலையிலும் அது குடியிருக்கிறது. ஆகவே அடுத்தவர் சீப்பிலிருந்து தொற்றிக்கொள்ளும் நோயாகப் பொடுகைக் கருத இடமில்லை. தலைத்தோலில் மிகுதியாகக் காணப்படுபவை குளோபோசா, ரெஸ்ட்ரிக்டா என்னும் இரு இனங்கள். குளோபோசாவின் மரபணுத் தொகுதி 2007-இல் படித்தறியப்பட்டபோது, கொழுப்பு அமிலத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் நொதிக்கான மரபணு அதனிடம் இல்லை எனத் தெரிந்தது. நம் தோல் சுரக்கும் எண்ணெய்ப்பசையே அதன் உணவு. லைப்பேஸ் நொதிகளால் அது கொழுப்பை உடைக்கிறது. நிறைவுற்ற அமிலங்களை எடுத்துக்கொண்டு, ஒலியிக் அமிலம் போன்ற நிறைவுறா அமிலங்களைத் தோல்மேல் விட்டுவிடுகிறது. இந்த எச்சமே அரிப்பையும் செதிலையும் தூண்டுகிறது. பொடுகுக்கு ஆளாகும் இயல்புடையோர் தலையில் ஒலியிக் அமிலத்தைத் தடவினால் செதில் உதிர்கிறது, மற்றவர்களுக்கு ஒன்றும் நேர்வதில்லை என்பது 2005-இல் வெளியான சோதனை முடிவு. அதாவது பூஞ்சை, எண்ணெய்ப்பசை, அவரவர் தோலின் இயல்பு ஆகிய மூன்றும் கூடினால்தான் பொடுகு. மூன்றாவதை மாற்ற நம்மிடம் மருந்தில்லை. அதனால்தான் பொடுகு அடங்குகிறதே தவிர அடியோடு நீங்குவதில்லை. “ஒரே வாரத்தில் நிரந்தரத் தீர்வு” என்று யார் சொன்னாலும், சொல்பவர் பாட்டியானாலும் நிறுவனமானாலும், நம்ப வேண்டியதில்லை.

ஆய்வுக்கூடத்தில் இந்தப் பூஞ்சை சாதாரண ஊட்டக்கூழில் வளராது; கூழின்மேல் ஆலிவ் எண்ணெயை ஊற்றி வளர்ப்பது வழக்கம். இந்த ஒரு செய்தியே, “தலை வறண்டுபோனதால்தான் பொடுகு, எண்ணெயை நன்றாக வைத்து இரவு முழுதும் ஊற விடு” என்ற அறிவுரையை மறுபரிசீலனை செய்யப் போதுமானது. வறட்சியால் தோல் உரிவதும் உண்டு. அங்கே செதில் சிறியது, பொடியானது, பிசுக்கற்றது. பொடுகின் செதிலோ பெரும்பாலும் மஞ்சள் பூத்துப் பிசுபிசுப்பாக இருக்கும். முதல் வகைக்கு எண்ணெய் இதம் தரலாம். இரண்டாவதற்கு, தலையிலேயே தங்கிவிடும் எண்ணெய் பூஞ்சைக்கு உணவு.

எல்லா எண்ணெயும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஆலிவ் எண்ணெயில் பாதிக்கு மேல் ஒலியிக் அமிலம். நல்லெண்ணெயில் ஏறத்தாழ 40 விழுக்காடு. தேங்காய் எண்ணெயில் அது 10 விழுக்காட்டுக்கும் குறைவு; அதில் பாதியளவு இருப்பது நுண்ணுயிர்களைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் கொண்ட லாரிக் அமிலம். 140 இந்தியப் பெண்களிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வொன்று, தேங்காய் எண்ணெயும் மருந்து சேராத ஷாம்பூவும் சேர்த்துப் பயன்படுத்தியபோது தலைத்தோலின் நல்ல நுண்ணுயிர்ச் சூழல் வலுப்பட்டதாகக் கூறுகிறது. அழகுசாதன நிறுவனத்தின் ஆய்வாளர்களும் அதில் பங்குகொண்டவர்கள் என்பதை நினைவில் வைத்தே அதைப் படிக்க வேண்டும். அங்கும் எண்ணெய் தனித்து நிற்கவில்லை, கழுவலோடு சேர்ந்தே வருகிறது என்பது நம் வாதத்துக்கு முக்கியம்.

இப்போது மரபைப் பார்ப்போம். சித்தர் தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதி, நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கையும் அதன்பின் வெந்நீர்க் குளியலையும் சொல்கிறது. ஆண்களுக்குப் புதன், சனி, பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்று கிழமை வகுத்த வழக்கத்திலும் வாரம் இருமுறை என்ற கணக்கே இருக்கிறது. எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்து, அரை மணியோ ஒரு மணியோ ஊறி, வடித்த கஞ்சியில் கலந்த சீயக்காயையோ, கொங்கு வட்டாரத்தில் உசிலை மரத்தின் இலைப்பொடியான அரப்பையோ போட்டு எண்ணெய் போகத் தேய்த்துக் குளித்தார்கள். இதன் செயற்பாட்டை இன்றைய அறிவால் விளக்க முடியும். வெதுவெதுப்பான எண்ணெய் ஒட்டியிருக்கும் செதிலை இளக்குகிறது. சீயக்காயிலும் அரப்பிலும் உள்ள சப்போனின்கள் நுரைத்து, தேய்த்த எண்ணெய், தோல் சுரந்த பிசுக்கு, இளகிய செதில் மூன்றையும் சேர்த்துக் கொண்டுபோகின்றன. பூஞ்சைக்கு உணவும் குறைகிறது, ஒதுங்க இடமும் குறைகிறது. எண்ணெய்க் குளியலில் வைத்தியம் செய்வது எண்ணெயைவிட அதை நீக்கும் செயலே என்று நான் கருதுகிறேன்.

இதற்கு ஒரு மறுப்பு எழும். குளிக்காத நாளிலும் எண்ணெய் தடவி வாரிப் பின்னும் வழக்கமும் பழையதுதானே? உண்மை. ஆனால் அது முடிபேணும் பழக்கம், பொடுகுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை அன்று. முடியின் நீளத்துக்குத் தடவுவதும் தலைத்தோலில் ஊற்றித் தேய்ப்பதும் வெவ்வேறு. பொடுகு உள்ள பெண் குழந்தைக்குத் தினமும் உச்சி நனைய எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னி, வாரம் ஒருமுறை மட்டும் தலைக்கு ஊற்றுவது இவ்விரண்டும் குழம்பியதன் விளைவு. பல வீடுகளில் இதைப் பார்க்கிறேன். அக்குழந்தைகளின் அரிப்பு தேவையற்ற துன்பம்.

பட்டியலின் மற்றப் பொருள்களில் எலுமிச்சையைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. தலைத்தோல் இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை உடையது. அதனால் புளிப்புப் பொருள் நல்லது என்பது ஓரளவு சரியான சிந்தனை. ஆனால் சாற்றின் அமிலம், அதைத் தாங்கக்கூடிய தோலின் அளவை மிகவும் மீறியது. அரிப்பால் நகம்பட்ட தலையில் அது எரியும். மேலும் நாம் எலுமிச்சை என்று பயன்படுத்தும் சிறு காயில் ஃபுரோகூமரின்கள் உள்ளன. சாறு வழிந்த நெற்றியோடு வெயிலில் போனால் கொப்புளமும், மாதக்கணக்கில் மறையாத கருமையும் உண்டாகலாம். பச்சைப் பூண்டை அரைத்துப் பூசித் தோல் வெந்த நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. வேம்புக்குப் பூஞ்சையை அடக்கும் ஆற்றல் ஆய்வுக்கூடத்தில் காணப்பட்டிருக்கிறது; வேப்பிலை நீரால் தலையை அலசுவதில் தீங்கில்லை. வேப்பெண்ணெய் உள்ளே போவது வேறு விஷயம். அதைக் குடிக்கக் கொடுத்ததால் இந்திய வம்சாவளிக் குழந்தைகள் மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டதை மலேசிய மருத்துவர்கள் 1981-இல் அறிவித்தார்கள். தலைக்குத் தேய்க்க வாங்கிய புட்டி குழந்தையின் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். வெந்தயமும் தயிரும் செம்பருத்தியும் வழவழப்பால் முடியை மென்மையாக்கும். பொடுகை அடக்கும் என்று சொல்ல வலுவான சான்று இல்லை. ஆடைத் தயிரைத் தேய்த்தால் அதன் கொழுப்பையும் கழுவியாக வேண்டும்.

மனிதரிடம் சோதிக்கப்பட்ட இயற்கைப் பொருள்கள் சிலவே. ஆஸ்திரேலியாவில் 126 பேரிடம் நடந்து 2002-இல் வெளியான சோதனையில், தேயிலை மர எண்ணெய் 5 விழுக்காடு கலந்த ஷாம்பூவை நான்கு வாரம் பயன்படுத்தியவர்களுக்குப் பொடுகின் கடுமை 41 விழுக்காடு குறைந்தது. அவ்வெண்ணெய் இல்லாத ஷாம்பூவில் 11 விழுக்காடு. (இந்த மரம் நம் தேயிலைச் செடிக்கு உறவில்லாதது, அதன் எண்ணெயை நீர்க்காமல் தடவினால் ஒவ்வாமை வரும்.) கற்றாழைக் குழம்பு, பொடுகின் தீவிர வடிவமான செபோரிக் தோலழற்சி உள்ள 44 பேரிடம் செதிலையும் அரிப்பையும் குறைத்தது. 2001-இல் வெளியான தேன் ஆய்வு என் வாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. வெந்நீர் சிறிது கலந்த தேனை ஒருநாள் விட்டு ஒருநாள் தடவி, மூன்று மணி நேரம் வைத்துக் கழுவினார்கள். நான்கு வாரத்தில் முப்பது பேருக்கும் குணம் தெரிந்தது. பின்னர் வாரம் ஒருமுறை தொடர்ந்த 15 பேருக்கு ஆறு மாதமும் திரும்பவில்லை. நிறுத்திய 15 பேரில் 12 பேருக்குச் சில மாதங்களில் திரும்பியது. ஒப்பீட்டுக்குப் போலிமருந்து வைக்காதது இதன் பெருங்குறை. ஆனாலும் நேரமும் இடைவெளியும் தொடர்ச்சியும் குறிக்கப்பட்ட ஆய்வு அது. பூஞ்சை எதிர்ப்பு மருந்தான கீட்டோகோனசோல் 2 விழுக்காடு ஷாம்பூவும் இதே இலக்கணத்தில்தான் தரப்படுகிறது: வாரம் இருமுறை, தலையில் மூன்று முதல் ஐந்து நிமிடம், நான்கு வாரம். நுரைத்த உடனே அலசிவிட்டு “மருந்து கேட்கவில்லை” என்பவர்கள் வீட்டு வைத்தியத்தில் செய்யும் பிழையையே மெடிக்கலில் வாங்கிய மருந்திலும் செய்கிறார்கள்.

எந்த வீட்டு முறையும் பொருந்தாத நிலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பருவமடையாத பிள்ளையின் தலையில் செதிலோடு திட்டுத்திட்டாக முடி கொட்டினால் அது பெரும்பாலும் படர்தாமரை. உள்ளுக்கு மாத்திரை தராமல் ஆறாது. வெள்ளி நிறத் தடித்த திட்டு மயிர்க்கோட்டைத் தாண்டி நெற்றிக்கு இறங்கினால் சோரியாசிஸ் ஆகலாம். திடீரென்று முகம், மார்பு எங்கும் கடுமையாகப் பரவும் செபோரிக் தோலழற்சி, உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியதன் அடையாளமாகவும் இருக்கக்கூடும். இவற்றில் வீட்டு வைத்தியத்தால் தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரமும் இழப்பு.

பொடுதலையை இதுவரை நான் மதிப்பிடாமல் வந்ததற்குக் காரணம் உண்டு. ஏரிக்கரையிலும் வாய்க்கால் வரப்பிலும் படரும் இச்செடியின் சாற்றைக் காய்ச்சிச் சேர்த்த தைலம், பொடுகுக்குச் சித்த மருத்துவர்கள் முதலில் எழுதித் தருவது. சாறு பயன் தருகிறதா, அதைத் தாங்கும் எண்ணெய் பயன் தருகிறதா, பின்னர் போடும் சீயக்காய் பயன் தருகிறதா என்பதைப் பிரித்தறியாமல் தீர்ப்புச் சொல்வது நேர்மையாகாது. 1964 முதல் இயங்கும் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்கும் தாம்பரம் தேசிய சித்த நிறுவனத்துக்கும் இதைச் சோதிக்கத் தேவையான நோயாளிகளும் மருந்தும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஒரு குழுவுக்குத் தைலமும் சீயக்காயும், இன்னொன்றுக்கு வெறும் நல்லெண்ணெயும் சீயக்காயும், மூன்றாவதற்குச் சீயக்காய் மட்டும், நான்காவதற்குக் கீட்டோகோனசோல் என வகுத்து, ஊறும் நேரத்தை அரை மணி என்று நிலைப்படுத்தி, நான்கு வாரம் பாருங்கள். முடிவு தைலத்துக்கு எதிராக வந்தாலும் அதை வெளியிடுங்கள்.