ரவிதாஸன் வேஷம்

எங்கள் நங்கநல்லூரில் ஒரு கொலை வழக்கு வெகுகாலமாக நடந்து வருகிறது. நடக்கும் இடம் நீதிமன்றம் அல்ல. அடுத்த தெரு மாமா வீட்டு வராந்தா. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குக் காப்பி வந்ததும் விசாரணை தொடங்கும். ஆறு மணிக்கு மாமா ஆஞ்சநேயர் கோவிலுக்குப் புறப்பட்டதும் ஒத்திவைக்கப்படும். கொலையுண்டவர் இறந்து ஆயிரத்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. சாட்சிகளில் ஒருவர்கூட உயிரோடு இல்லை. சாட்சிகளில் பாதிப் பேர் பிறக்கவே இல்லை! ஆனாலும் வழக்கு முடிந்தபாடில்லை.

கொலையுண்டவர் ஆதித்த கரிகாலர். சுந்தர சோழரின் மூத்த குமாரர். பின்னால் ராஜராஜன் என்று உலகம் கொண்டாடிய அருள்மொழிவர்மனின் தமையனார். நடந்த காலம் ஏறக்குறைய கி.பி. 969. அந்த வழக்கு எங்கள் வராந்தாவுக்கு வந்து சேர்ந்த வழி 'பொன்னியின் செல்வன்' என்பதை நேயர்கள் இதற்குள் ஊகித்திருப்பார்கள்.

கல்கி அவர்கள் தமது வாரப் பத்திரிகையில் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை அந்த நாவலை எழுதினார். ஐந்து பாகங்கள், மூன்றரை ஆண்டுகள். கதை முடிந்ததும் வாசகர்கள் சும்மா இருந்தார்களா? அவள் என்ன ஆனாள், இவன் என்ன ஆனான் என்று கேள்விகளை அடுக்கினார்கள். அவற்றுக்குப் பதில் சொல்வதற்கென்றே ஆசிரியர் ஒரு முடிவுரை எழுத வேண்டியதாயிற்று. பல கேள்விகளுக்கு விடை கிடைத்தது. இளவரசரைக் கொன்ற கை யாருடையது என்பதை மட்டும் அவர் அடித்துச் சொல்லவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி கல்கி காலமானார். அப்புறம் மேல் முறையீட்டுக்கு ஏது வழி?

வழி இல்லாவிட்டால் என்ன, வாதம் இருக்கிறதே! 1958-ல் எம்.ஜி.ஆர். அதைப் படமாக்கப் போவதாக அறிவித்தார்; படம் வரவில்லை, வாதம் வளர்ந்தது. 1999-ல் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திறந்தவெளி அரங்கில் 'மாஜிக் லான்டர்ன்' குழுவினர் நாடகமாக நடத்தினார்கள்; வீடு திரும்பும் வழியெல்லாம் வாதம். 2022-லும் 2023-லும் மணிரத்னத்தின் இரண்டு படங்கள் வெளியாயின. அப்போது நாவலைத் தொட்டே பார்த்திராத இளைஞர்கள்கூட மாமா வீட்டு வராந்தாப் படியில் வந்து உட்கார்ந்தார்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் அருள்மொழிகளும் வானதிகளும் குந்தவைகளும் பிறந்து, பள்ளிக்கூடம் போய், இப்போது தாங்களே பெற்றோர்களாகவும் ஆகிவிட்டார்கள். கதையில் வரும் ஊர்களைத் தேடிக் கும்பல் கும்பலாகப் பிரயாணம் போகும் வாசகர்கள் இருக்கிறார்கள்.

என்னைப் பொறுத்தவரை இந்தக் கதை முதலில் படித்த கதை அல்ல, விளையாடிய விளையாட்டு.

நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் தெருவில் பாதிக்கு மேல் காலி மனைகள். மாமாவிடம், பத்திரிகையிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்த 'பொன்னியின் செல்வன்' இருந்தது. கோடை விடுமுறையில் சாயங்காலம் ஓர் அத்தியாயம் வாசிப்பார். மறுநாள் காலையில் காலி மனையில் அந்த அத்தியாயம் அரங்கேறும். சைக்கிள் வைத்திருப்பவன் வந்தியத்தேவன், அதுதான் குதிரை. கவிழ்த்துப் போட்ட பெஞ்சு பூங்குழலியின் படகு. மீனம்பாக்கத்து விமானம் தலைக்கு மேல் தாழப் பறந்தால் யுத்தம் சற்று நிறுத்தி வைக்கப்படும். ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேளாது.

சைக்கிள் எங்கள் வீட்டுச் சொந்தக்காரரின் பிள்ளையிடம் இருந்தது. ஆகையால் அவன்தான் எப்போதும் வந்தியத்தேவன். நாங்கள் பின்கட்டில் குடியிருந்தவர்கள். எனக்குக் கிடைத்தது மந்திரவாதி ரவிதாஸன் வேஷம். ஆந்தை போல் அலறத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். காரணம் அது மட்டும் அல்ல என்பது எனக்கும் தெரியும். ரவிதாஸனுக்கு ஆட்ட முடிவில் எல்லோரிடமும் அடி உண்டு. தென்னை மட்டையால் அடிப்பார்கள்.

ஒரு நாள் அடி பொறுக்காமல் நான் திருப்பி அடித்துவிட்டேன். மட்டையின் நுனி வந்தியத்தேவனின் புருவத்தைக் கிழித்துவிட்டது. மூன்று தையல். அன்று இரவே வீட்டுக்காரர் என் அப்பாவைக் கூப்பிட்டு, மாதக் கடைசிக்குள் காலி செய்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அடித்தவன் நான். வெளியேறியவர்கள் அப்பா, அம்மா, பாட்டி, தங்கை, நான் ஆகிய ஐந்து பேர். அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. வெண்கலப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அடுத்த தெருவில் இடம் பார்த்து, அட்வான்ஸ் பணத்தில் பாதியும் கொடுத்து உதவியவர் இந்த மாமாதான்.

அப்புறம் நான் ரவிதாஸன் வேஷம் போடவில்லை. பைண்டு புத்தகத்தில் படம் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

படங்கள் என்றால் மணியத்தின் படங்கள். எழுத்துக்குச் சமமாக அந்தச் சித்திரங்களும் கதையை நடத்திச் சென்றன. பின்னால் கதை மறுபடி மறுபடி வெளியானபோது வினு, பத்மவாசன், வேதா என்று வேறு சித்திரக்காரர்களும் வரைந்தார்கள். ஆனாலும் நம்மில் பலருக்குக் குந்தவையின் கொண்டை மணியம் போட்ட கொண்டைதான். படத்தில் நடித்த அம்மையாரின் கொண்டை சரியா என்று எங்கள் வராந்தாவில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை சண்டை நடந்தது. சோழர் காலத்துப் பெண்கள் உண்மையில் எப்படித் தலை வாரினார்கள் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோவிலில் சாட்சி இருக்கிறது. கருவறையைச் சுற்றிய உள் நடையில், பிற்காலத்து ஓவியங்களுக்கு அடியில் மறைந்து கிடந்த சோழர் ஓவியங்களை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அதை எடுத்துச் சொன்னேன். "அதெல்லாம் இருக்கட்டும், மணியம் போட்டதுதான் குந்தவை" என்று தீர்ப்பாகிவிட்டது!

இங்கே சற்று வெளிதேசத்தையும் எட்டிப் பார்க்கலாம். இங்கே 'பொன்னியின் செல்வன்' முடிந்த அதே 1954-ல், ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் டோல்கீனின் 'லார்ட் ஆப் தி ரிங்ஸ்' இங்கிலாந்தில் வெளிவரத் தொடங்கியது. அதற்கும் வாசகர்கள் கேள்விமேல் கேள்வியாகக் கடிதம் எழுதினார்கள். பேராசிரியரும் பொறுமையாகப் பதில் எழுதினார். சித்திரக்காரர்கள் அந்த உலகத்தை வரைந்தார்கள். 1974-ல் அமெரிக்காவில் வந்த 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற விளையாட்டு, அவர் படைத்த பிறவிகள் சிலரைக் கடன் வாங்கிக்கொண்டது. சரித்திரம், சித்திரம், விளையாட்டு எல்லாம் அங்கும் உண்டு. ஒரு பெரிய வித்தியாசம் மட்டும் இருக்கிறது. டோல்கீன் உலகத்தில் ஒரு சந்தேகம் வந்தால், அவர் எழுதி வைத்த காகிதத்துக்கு அப்பால் போய்க் கேட்க இடமில்லை. நமக்குக் கல் இருக்கிறது.

அந்தக் கல் இருக்கும் இடம் காட்டுமன்னார்கோவிலை அடுத்த உடையார்குடி. கதையின் முதல் அத்தியாயத்தில் ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிறானே, அந்த வீர நாராயண ஏரியின் பக்கத்து ஊர் அது. முதற் பராந்தகர் காலத்து ஏரி, இன்றைக்கு வீராணம். 2004 முதல், 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய் வழியே சென்னைக்குத் தண்ணீர் அனுப்பும் அதே வீராணந்தான். கதையின் முதல் பக்கமும், கதைக்கு ஆதாரமான கொலையைச் சொல்லும் சாஸனமும் ஒரே ஏரியின் கரையில் இருக்கின்றன.

இரண்டாவது படம் வந்த 2023 கோடையில் மாமா என்னைக் கூப்பிட்டார். அவருக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. "நீயாவது போய்ப் பார்த்துட்டு வாடா. இத்தனை வருஷம் பேசியாச்சு. அந்தக் கல்லை நம்மில் ஒருத்தன்கூடப் பார்க்கல்லைன்னா வெட்கமா இருக்கு" என்றார். போனேன்.

உடையார்குடி அனந்தீசுவரர் கோவில் ஆரவாரம் இல்லாத கோவில். சுவரில் வரி வரியாக எழுத்து. எனக்குக் கல்லெழுத்துப் படிக்கத் தெரியாது. அச்சில் வந்த வாசகத்தைக் கையில் எடுத்துப் போயிருந்தேன். சுவரையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தபோது முதலில் ஏமாற்றமே உண்டாயிற்று. கொலை எங்கே நடந்தது, எப்படி நடந்தது, ஏன் நடந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. கடம்பூர் மாளிகை இல்லை. நந்தினி இல்லை, அவள் கல்கியின் கற்பனையில் பிறந்தவள். உண்மையில் அது ஒரு நிலப் பத்திரம்.

விஷயம் இதுதான். ராஜராஜன் கி.பி. 985-ல் பட்டத்துக்கு வந்தான். அவனுடைய இரண்டாவது ஆட்சியாண்டில், வீர நாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு ஓர் உத்தரவு வருகிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகளின் உடைமைகளைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்பது உத்தரவு. சோமன், ரவிதாஸன், பரமேசுவரன் என்று உடன்பிறந்தவர்களின் பெயர்கள் வருகின்றன. ரவிதாஸனுக்குப் பஞ்சவன் பிரம்மாதிராயன் என்ற பட்டம் உண்டு. மந்திரவாதியாவது, ஆந்தையாவது! அரசாங்கப் பட்டம் பெற்ற பெரிய அதிகாரி அவன். பறிமுதலான நிலத்தில் ஒரு பகுதியை ஒருவர் விலைக்கு வாங்கிக் கோவில் தர்மத்துக்கு விட்டார். அந்தத் தர்மம் நிலைக்க வேண்டும் என்றுதான் கல்லில் வெட்டினார்கள். இல்லாவிட்டால் கொலைகாரர்களின் பெயரே நமக்குத் தெரிந்திராது.

கொலைக்கும் இந்த உத்தரவுக்கும் இடையே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இடையில் ஆண்டவர் உத்தம சோழர். அத்தனை காலம் துரோகிகள் தண்டனையின்றி இருந்தார்கள் என்றால் உத்தம சோழருக்கும் இதில் சம்பந்தம் உண்டோ என்ற சந்தேகத்தை நீலகண்ட சாஸ்திரியார் எழுப்பினார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். எங்கள் வராந்தாவிலும் இரண்டு கட்சி உண்டு. நான் பண்டாரத்தார் கட்சி. உத்தம சோழருக்கு மதுராந்தகர் என்று பெயர். ராஜராஜனுடைய மகன் ராஜேந்திரனுக்கும் மதுராந்தகன் என்று ஒரு பெயர் உண்டு. உத்தம சோழரின் மகன் ராஜராஜனிடமே உத்தியோகம் பார்த்தான். அண்ணனைக் கொல்வித்தவர் என்று சந்தேகம் இருந்தால் ஒருவன் இப்படியெல்லாம் செய்வானா? இரண்டு பேரறிஞர்களின் நூல்களும் கல்கி எழுத உட்காருமுன்பே அச்சில் இருந்தன. அறிஞர்கள் முடிவு காணாத இடத்தில் நாவலாசிரியரும் முடிவு சொல்லவில்லை. கதை எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இஷ்டப்படி ஒரு கொலைகாரனைக் காட்டிவிடுவது எங்களுக்கு ஐந்து நிமிஷ வேலை. காட்டாமல் விடுவதுதான் கஷ்டம்.

ஆனால் அன்று கோவிலில் நின்றபோது என் மனம் அந்த வாதத்தில் ஓடவில்லை. உத்தரவு துரோகிகளோடு நிற்கவில்லை. அவர்களுடைய மக்கள், மனைவிமார், பேரப்பன்மார், தாயோடு பிறந்த மாமன்மார், சகோதரிகளை மணந்தவர்கள் என்று போய்க்கொண்டே இருக்கிறது. அத்தனை பேர் சொத்தும் போயிற்று. கொலை நடந்தபோது தவழ்ந்து கொண்டிருந்த குழந்தையும் அந்தக் கணக்கில் இருந்திருக்கும். நடுவில் ஒரு தாயின் பெயர்: பெரிய நங்கைச் சாணி.

எத்தனையோ வாசகர்கள் எத்தனையோ ஆண்டுகளாக நந்தினிக்காகக் கண்ணீர் விட்டிருக்கிறோம். உண்மையில் இருந்த அந்த அம்மாளுக்காக யாராவது ஒரு நிமிஷம் நின்றதுண்டா? நான் நின்றேன். பெரிய மனசினால் அல்ல. வெண்கலப் பானையோடு முன்னால் நடந்த ஒருத்தியின் ஞாபகம் வந்ததனால்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வராந்தாவில் எல்லாவற்றையும் சொன்னேன். சாஸ்திரியார் கட்சியும் பண்டாரத்தார் கட்சியும் வழக்கம்போல் கிளம்பின. மாமா மட்டும் பேசாமல் இருந்தார். கடைசியில், "அந்த அம்மா பேர் என்ன சொன்னே?" என்று கேட்டார்.

"பெரிய நங்கைச் சாணி, மாமா."

"நாவல்லே அவ வரலையே?"

"வரவில்லை."

மாமா உள்ளே போய்ப் பைண்டு புத்தகத்தின் ஐந்தாம் பாகத்தை எடுத்து வந்தார். கடைசி அட்டையின் உட்புறத்தில், நடுங்கும் கையால் பென்சிலில் அந்தப் பெயரை எழுதினார். "சாணிக்கு மூணு சுழியா, ரெண்டு சுழியா?" என்று என்னைக் கேட்டார். மூன்று சுழி என்றேன்.

மணி ஆறு ஆகிவிட்டது. அன்றைக்கு வழக்கு அத்துடன் ஒத்திவைக்கப்பட்டது.