காணி மக்களும் ஆரோக்கியப் பச்சையும்

அகத்தியமலைக் காடுகளில் வாழும் காணி பழங்குடியினரின் மூலிகை அறிவிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்து உருவானது. அதன் வருவாயில் அவர்களுக்கும் பங்கு கிடைத்தது. மரபறிவுக்கென இந்தியாவில் தனிச் சட்டம் இல்லாத காலத்தில் நடந்த இம்முயற்சி உலக அளவில் முன்மாதிரியாகப் பேசப்பட்டது. அதே வேளையில், பணத்தைப் பகிர்வது வேறு, அறிவைக் காப்பது வேறு என்பதையும் அது காட்டியது.

பழம் தந்த செய்தி

காணி மக்கள் கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்திலும், தமிழகத்தின் திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்ட மலைகளிலும் வாழ்கின்றனர். 1987 டிசம்பரில் புஷ்பாங்கதன் தலைமையிலான ஆய்வுக் குழு ஒன்று அகத்தியமலைக்குச் சென்றது. காணி இளைஞர்கள் அவர்களுக்கு வழிகாட்டினர். ஆய்வாளர்கள் களைத்துப்போன பின்னும் வழிகாட்டிகள் சோர்வின்றி நடந்தனர். இடையிடையே ஒரு செடியின் சிறு பழங்களைத் தின்றனர். அதைப் பற்றிக் கேட்டபோது முதலில் சொல்லத் தயங்கினர். தவறாகப் பயன்படுத்துவதில்லை என்று உறுதி பெற்ற பிறகே செடியைக் காட்டினர். அதுவே ஆரோக்கியப் பச்சை.

மருந்தும் பங்கும்

பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் இச்செடியுடன் அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றைச் சேர்த்து ஜீவனியை உருவாக்கியது. 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு 7 ஆண்டுகளுக்கு உற்பத்தி உரிமம் வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 இலட்சம் ரூபாய்; விற்பனையில் 2 விழுக்காடு உரிமத்தொகை. இவற்றில் பாதி காணி மக்களுக்கு என்று ஆய்வு நிறுவனம் முடிவு செய்தது. 1997இல் காணி மக்களுக்கான நல அறக்கட்டளை கேரளத்தில் பதிவு செய்யப்பட்டது. 1999இல் சுமார் 5.19 இலட்சம் ரூபாய் அதற்கு அளிக்கப்பட்டது.

எழுந்த சிக்கல்கள்

காட்டுக்குள் ஓரிருவர் காட்டிய செடி ஒரு சமூகம் முழுவதற்கும் உரிய அறிவு. அதைக் கொடுக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு? காணி மக்களிடையே மருத்துவம் பார்ப்போர் பிலாத்தி எனப்படுவர். அவர்களில் சிலர் 1995இல் கேரள முதலமைச்சருக்குக் கடிதம் எழுதி, தங்கள் அறிவு தனியார் நிறுவனங்களுக்கு விற்கப்படுவதை எதிர்த்தனர். தமிழகத்துக் காணி மக்கள் கேரள அறக்கட்டளையின் வரம்புக்குள் வரவில்லை. செடி அழிந்துவிடும் என்ற அச்சத்தால் வனத்துறை இலை சேகரிப்பைத் தடுத்தது. மூலப்பொருள் கிடைக்காமல் உற்பத்தி பாதிக்கப்பட்டது. அமெரிக்க நிறுவனம் ஒன்று 'ஜீவனி' என்னும் பெயரைத் தன் வணிகக்குறியாக அங்கே பதிவு செய்துகொண்டது. இந்தியாவில் ஏற்பட்ட ஒப்பந்தத்தால் அதைத் தடுக்க இயலவில்லை.

பின்னர் வந்த சட்டங்கள்

1992ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமை உடன்படிக்கை, மரபறிவின் பயனை நியாயமாகப் பகிர வேண்டும் என்றது. அதன் வழியில் இந்தியா 2002இல் உயிரியல் பல்வகைமைச் சட்டத்தை இயற்றியது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பல்லுயிர் சார்ந்த மரபறிவின் மீது வனவாழ் மக்களுக்குச் சமூக உரிமை உண்டு என ஏற்றது. 2010இல் ஏற்கப்பட்ட நகோயா நெறிமுறை, அறிவைப் பெறுமுன் அச்சமூகத்தின் ஒப்புதலைப் பெற வழிசெய்யுமாறு நாடுகளைக் கேட்டது.

ஆரோக்கியப் பச்சையில் பங்கு பற்றிய முடிவு மருந்து உருவான பின்னரே எடுக்கப்பட்டது. ஒப்புதல் முதலில், ஆய்வு பின்னர் என்ற வரிசையே இச்சட்டங்கள் நாடும் மாற்றம். காணி மக்களின் கதை அதன் தேவையை முன்கூட்டியே உணர்த்தியது.