வெள்ளை அங்கியும் இரண்டு நிறங்களும்

நண்பர் ஒருவரின் மனைவிக்கு அமெரிக்க வழக்கப்படி நடக்கவிருந்த ‘பேபி ஷவர்’ விருந்துக்குப் பரிசு வாங்குவதற்காக, நாங்கள் மூவர் அங்குள்ள குழந்தை உடுப்புக் கடை ஒன்றுக்குச் சென்றோம். விற்பனைப் பெண் புன்னகையோடு கேட்ட முதல் கேள்வி, ‘ஆணா, பெண்ணா?’ என்பதுதான். பிறக்கும்வரை அதை அறிந்துகொள்ள வேண்டாம் என்று பெற்றோர் தீர்மானித்திருந்தார்கள். அதைச் சொன்னதும் அவர் சற்றே திகைத்தார். கடையின் இடப்பக்கம் முழுவதும் இளஞ்சிவப்பு. வலப்பக்கம் முழுவதும் நீலம். அங்கே பட்டாம்பூச்சி, இங்கே லாரி. இரண்டுக்கும் நடுவே, தூணை ஒட்டிய ஒரு சிறிய அலமாரியில், மஞ்சள் வாத்து போட்ட நான்கைந்து சட்டைகளும் சாம்பல் நிறக் குல்லாய்கள் சிலவும் கிடந்தன. யாரென்று தெரியாத குழந்தைக்கு உலகம் ஒதுக்கிவைத்திருக்கும் இடம் அவ்வளவுதான் போலும் என்று எண்ணிக்கொண்டோம்.

இந்தப் பிரிவினை மிகத் தொன்மையானது, இயற்கையிலேயே ஊறியது என்றுதான் பலரும் நம்புகிறார்கள். நாங்களும் அப்படித்தான் நம்பியிருந்தோம். வரலாறு வேறொன்றைச் சொல்கிறது.

அமெரிக்க அதிபராக நான்கு முறை தேர்ந்தெடுக்கப்பட்ட ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் குழந்தைப் பருவப் புகைப்படம் ஒன்று புகழ்பெற்றது. 1884ஆம் ஆண்டு எடுக்கப்பட்டது. இரண்டரை வயதுச் சிறுவன் வெண்ணிறப் பாவாடை அங்கி அணிந்து, தோள்வரை தொங்கும் கூந்தலோடு, இறகு வைத்த தொப்பியை மடியில் ஏந்தி அமர்ந்திருக்கிறான். இன்று பார்ப்பவர்கள் தயங்காமல் பெண் குழந்தை என்பார்கள். அன்று அதில் வியக்க எதுவுமில்லை. ஆறேழு வயதுவரை ஆண் குழந்தைக்கும் அங்கிதான். முதன்முறை முடி வெட்டுவதும் ஏறத்தாழ அந்த வயதில்தான். கால்சட்டை ஏறும் நாள் குடும்பத்தில் ஒரு சடங்கைப் போலவே கொண்டாடப்பட்டது.

வெள்ளை அங்கிக்குக் காரணம் தத்துவம் அல்ல, சலவை. குழந்தை நனைப்பதையும் கக்குவதையும் தாங்க வேண்டிய துணி, கொதிநீரில் போட்டு வெளுக்கக்கூடிய வெள்ளைப் பருத்தியாக இருப்பதுதான் வசதி. அரைத்துணியை மாற்றவும் அங்கி எளிது. குழந்தை வளர வளர விளிம்பு மடிப்பைப் பிரித்துவிட்டால் போதும். அக்காவின் அங்கி தம்பிக்கும், தம்பியினுடையது அடுத்து வருபவருக்கும் போகும். நாங்கள் தூணோரத்தில் தேடி அலைந்த ‘இருபாலருக்கும் பொதுவான உடை’ அன்று தேட வேண்டிய பொருளே அல்ல. குழந்தை உடை என்றாலே அதுதான்.

மென்னிறங்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் குழந்தை உடைக்கு வந்தன. அப்போதும் எந்த நிறம் யாருக்கு என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. 1918 ஜூன் மாதத்தில் ‘எர்ன்ஷாஸ் இன்ஃபன்ட்ஸ் டிபார்ட்மென்ட்’ என்ற வணிக இதழ், இளஞ்சிவப்பு உறுதியான நிறம் என்பதால் ஆணுக்கும், நீலம் மென்மையானது என்பதால் பெண்ணுக்கும் பொருந்தும் என்று எழுதியது. 1927இல் ‘டைம்’ இதழ் பெருநகரக் கடைகள் எந்த நிறத்தை யாருக்குப் பரிந்துரைக்கின்றன என்று பட்டியலிட்டபோது, பாஸ்டன், நியூயார்க், சிகாகோ, கிளீவ்லேண்ட் நகரங்களின் சில பெரிய கடைகள் ஆணுக்கு இளஞ்சிவப்பையே கூறின. அதே ஆண்டில் பெல்ஜியத்தின் இளவரசி ஆஸ்ட்ரிட் ஆண் வாரிசை எதிர்பார்த்துத் தொட்டிலை இளஞ்சிவப்பில் அலங்கரித்திருந்தார், பிறந்தது பெண்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ‘அந்தக் காலத்தில் எல்லாமே தலைகீழ்’ என்று கூறிவிடுவது எளிது, சுவையானதும்கூட. ஆனால் 1869இல் வெளிவந்த ‘லிட்டில் விமன்’ நாவலின் இரண்டாம் பகுதியிலேயே, இரட்டைக் குழந்தைகளை வேறுபடுத்த ஆணுக்கு நீல நாடாவும் பெண்ணுக்கு இளஞ்சிவப்பு நாடாவும் கட்டப்படுகின்றன. அது பிரெஞ்சு நாகரிகம் என்றும் சொல்லப்படுகிறது. மார்க்கோ டெல் ஜூடிச்சே என்ற உளவியல் ஆய்வாளர் 2012இல், பழைய நூல்களின் பெருந்தொகுப்பில் தேடிப் பார்த்து, நிறங்கள் முற்றிலும் இடம் மாறின என்ற கதை மிகைப்படுத்தப்பட்டது என்று வாதிட்டார். ஆக, ஒரு விதி இன்னொரு விதியாகப் புரண்டது என்பதைவிட, நெடுங்காலம் உறுதியான விதி எதுவும் இருக்கவில்லை என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

ஆடை வரலாற்றை ஆராய்ந்து 2012இல் ‘பிங்க் அண்ட் ப்ளூ’ என்ற நூலை எழுதிய ஜோ பாலெட்டி, இன்றைய வழக்கம் 1940களில்தான் நிலைபெறத் தொடங்கியது என்கிறார். அதன் பின்னரும் அது அசைந்திருக்கிறது. 1970களில் பெண்ணிய இயக்கத்தின் தாக்கத்தால் பொது உடைகள் பரவின. சியர்ஸ் நிறுவனத்தின் விற்பனைப் பட்டியலில் இரண்டு ஆண்டுகள் சிறு குழந்தைகளுக்கு இளஞ்சிவப்பு உடையே இடம்பெறவில்லை. பிறகு 1980களின் நடுவில் காற்று திசை மாறியது. பாலெட்டி சுட்டும் காரணங்களில் முக்கியமானது, கருவிலேயே பாலினத்தைக் காட்டும் பரிசோதனை. முன்பே தெரிந்துவிட்டால் முன்பே வாங்கலாம். உடை மட்டுமல்ல, தொட்டில், தள்ளுவண்டி, போர்வை எல்லாவற்றுக்கும் நிறம் பூசலாம். அடுத்த குழந்தை வேறு பாலாகப் பிறந்தால் அனைத்தையும் மறுபடி வாங்க வைக்கலாம். தம்பிக்குப் போகாத அக்காவின் சட்டை, வணிகருக்கு இன்னொரு சட்டையின் விலை.

2008இல் அமெரிக்கப் பெண்மணி ஒருவர், கருவின் பாலினத்தை கேக்கின் உள்நிறத்தால் அறிவித்த விருந்து, ஒரு புதிய சடங்காகவே வளர்ந்தது. 2020 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் அத்தகைய அறிவிப்புக்காகக் கொளுத்தப்பட்ட புகைக்கருவியிலிருந்து பரவிய தீ, 22,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். அதே மாநிலம் 2021இல், பெரிய பல்பொருள் அங்காடிகள் பாலினம் குறிக்காத பொம்மைப் பகுதி ஒன்றையும் வைக்க வேண்டும் என்று சட்டமியற்றியது; 2024 தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்தது. உடைகள் அச்சட்டத்தில் சேரவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்வளவையும் படித்தபின், கடையில் கேட்ட கேள்வி எங்களை வேறு விதமாக உறுத்தியது. அமெரிக்காவில் அந்தக் கேள்வியின் விளைவு பெரும்பாலும் ஒரு நிறம். நம் நாட்டில் அதன் விளைவு பல வேளைகளில் ஓர் உயிராக இருந்திருக்கிறது. கருவின் பாலினத்தை வெளியிடுவதைத் தடுக்கும் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு, 1996இல் நடைமுறைக்கு வந்து, 2003இல் மேலும் கடுமையாக்கப்பட்டது. தமிழ்நாட்டில் பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கப்பட்டது. ஸ்கேன் மையச் சுவரில் தொங்கும் அறிவிப்புப் பலகையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ‘ஆணா, பெண்ணா?’ என்பது வெறும் வியாபார விசாரணையாகக் காதில் விழுவதில்லை.

நம் வளைகாப்பில் சீர் தாய்க்குத்தான். வளையலும் புடவையும் அவள் கைக்கே போகும். பிறவாத பிள்ளைக்குத் துணி வாங்கக் கூடாது என்பது பல வீடுகளில் கண்டிப்பான வழக்கம். பிறந்த பின்பும் முதலில் உடுத்துவது பலமுறை துவைத்து நைந்த பாட்டியின் நூல்புடவைக் கிழிசலையோ, தாத்தாவின் பழைய வேட்டித் துண்டையோதான். இதைக் கொண்டு முன்னோர் சமத்துவம் அறிந்தவர்கள் என்று பெருமை பேசுவதற்கில்லை. அதே புடவைத் துண்டில் சுற்றப்பட்ட பெண் சிசுக்களுக்கு நேர்ந்ததும் நாம் அறிந்ததே. துணியில் வேற்றுமை இல்லை என்பதால் மனத்திலும் இல்லை என்று ஆகிவிடாது. நிறத்தை மாற்றிவிட்டால் எல்லாம் மாறிவிடும் என்று நம்புகிறவர்களும் இதை நினைவில் கொள்வது நல்லது.

ஆயினும், யாரென்று அறியாமலேயே ஓர் உயிரை வரவேற்க ஆயத்தமாவதில் ஒரு பெருந்தன்மை இருக்கிறது. வருகிறவர் எவராயினும் வரட்டும், அவருக்கு இங்கே இடமுண்டு என்பதே அதன் பொருள்.

கடைசியில் வெள்ளையில் நான்கும் மஞ்சளில் இரண்டுமாகச் சட்டைகள் வாங்கினோம். மூன்று மாதக் குழந்தைக்கான அளவில், சற்றுப் பெரிதாகவே. எங்களுள் மூத்தவர் ஊரிலிருந்து கொண்டுவந்த, தம் தாயாரின் பழைய சுங்குடிச் சேலையிலிருந்து கிழித்த துண்டு ஒன்றையும் பொட்டலத்தின் அடியில் வைத்தார். விருந்தில் அதைப் பிரித்துப் பார்த்த நண்பரின் மனைவி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. மற்ற பரிசுகளை மேசையில் அடுக்கினார்; அந்தத் துண்டை மட்டும் மடியிலேயே வைத்திருந்தார்.