ஊடு யாருடையது?

கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் ஒரு வீட்டைக் காட்டி, "இது ஆர்ர ஊடு?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு பெண்ணின் பெயரே பதிலாக வரும். கட்டியவர் வாப்பாவாக இருக்கலாம். ஓடு போட்டது கட்டாரில் உழைத்த நானாவின் காசாக இருக்கலாம். கலியாணத்தோடு வீடு மகளுக்கு. மாப்பிள்ளைதான் அங்கு வந்து குடியிருப்பார்.

தாய்வழிக் குடிமுறையோடு சேர்ந்த இவ்வழமை அயலிலுள்ள தமிழருக்கும் பொதுவானது. அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். வீட்டின் அமைப்பும் இதையே பின்பற்றுகிறது. மூத்த மகள் முன்வீட்டை எடுக்க, உம்மாவும் வாப்பாவும் இளைய பிள்ளைகளோடு பின்வளவில் ஒரு சிறு வீட்டுக்கு ஒதுங்குவார்கள். அடுத்தவளுக்கு அதே வளவில் இன்னொரு வீடு எழும்பும். காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் நாம் காணும் நெருக்கத்துக்கு இப்படி வளவுகள் துண்டானதும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

வழமை இப்படியிருக்க, சட்டம் வேறு வழியில் போகிறது. 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்து அவரது மத்ஹபின்படி பிரியும். மகனுக்கு இரு பங்கென்றால் மகளுக்கு ஒரு பங்கு. வாப்பா உயிரோடிருக்கும்போதே கொடுத்து முடித்த வீடு இந்தப் பங்கீட்டுக்குள் வராது. ஆனால் உறுதி எழுதாமல் "ஊடு மகளுக்குத்தான்" என்று வாயால் சொல்லி வைத்தால், மௌத்துக்குப் பின் வழக்குத்தான் மிஞ்சும்.

அரச காணியில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பெர்மிட் காணியின் வாரிசு வரிசையில் ஆண்மக்களை முன்வைத்தது. அது 2022இல்தான் திருத்தப்பட்டது.

2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தது. கிழக்கில் கடலோரம் 200 மீற்றருக்குள் மீளக் கட்டக்கூடாது என்றார்கள். புதிய வீட்டுத் திட்டங்களின் படிவங்கள் 'குடும்பத் தலைவர்' யாரென்று கேட்டன. கணவன் பெயர் எழுதப்பட்டது. தன் வீட்டை இழந்த பெண், பல இடங்களில் புருசன் வீட்டுக்குக் குடிவந்தவளானாள்.

"ஊடில்லாமக் குமரக் கரைசேர்க்கேலா" என்று ஏங்கும் வாப்பாமாரின் பாரத்தை நான் மறுக்கவில்லை. சீதனம் ஒழியத்தான் வேண்டும். ஆனால் அதோடு பெண்ணின் கையிலிருந்த வீடும் போய்விடக்கூடாது. கேட்டு வாங்கும் சீதனம் வேறு, பெற்றோர் மகளுக்கு மனமுவந்து எழுதும் உறுதி வேறு. இந்த வேறுபாட்டை நிக்காஹ் பேசும் சபையிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும்.