பெட்டிக்கு வெளியே இருப்பவர்: படைவிமானிகளின் சிமுலேட்டர் பயிற்சியில் பயிற்றுநரின் இடம்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெரு, 18-ஆம் நூற்றாண்டில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சந்தை. தமிழ் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் இந்தத் தெருவை ஆ. மாதவனின் கதைகள் வழியே தமிழ் வாசகர் அறிவர். இதற்கு மேற்கே சில கிலோமீட்டரில் விமான நிலையம், 1932-இல் ஜி. வி. ராஜாவின் முயற்சியில் பறத்தல் கழகமாகத் தொடங்கியது அது. நகரின் வடபுறம் ஆக்குளத்தில், 1984 ஜூலையில் அமைக்கப்பட்ட விமானப் படையின் தென் மண்டலக் கட்டளையகம். அதையும் தாண்டிக் கடலோரத்தில் தும்பா.

2024 பிப்ரவரி 27 அன்று, தும்பாவிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில்தான் மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நால்வரின் பெயர்கள் அறிவிக்கப்பட்டன: பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா. நால்வரும் விமானப் படையின் சோதனை விமானிகள் என்பதைச் செய்தித்தாள்கள் விரிவாக எழுதின. முதல் மூவரும் பறத்தல் பயிற்றுநர்கள் என்பது பேசப்படாமலே போயிற்று. அவர்களில் பிரசாந்த், தாம்பரம் பயிற்றுநர் பள்ளியின் மாணவர். பிறருக்குக் கற்பித்தவர்கள் மறுபடியும் மாணவர்களாகி, தரையில் நிற்கும் கலத்துக்குள் உட்கார்ந்து பயில்கிறார்கள். அந்தக் கலத்துக்கு வெளியே உட்கார்ந்து அவர்களுக்குக் கற்பிப்பவர் யார்? சிமுலேட்டரின் வரலாறு பெரும்பாலும் இயந்திரத்தின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பயிற்றுநரின் வரலாறாகப் படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்தில் பயிற்றுநரும் இயந்திரத்தின் ஒரு பகுதியாகத்தான் இருந்தார். 1909-10 காலத்தில் பிரான்சின் ஆந்துவானெத் விமானத்துக்கென்று ஒரு பயிற்சிக் கருவி செய்தார்கள். ஒரு பீப்பாயைப் பாதியாக அறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, அதன் மேல் மாணவரை உட்கார வைத்தார்கள். கீழே நின்றவர்கள் கழிகளைப் பிடித்து ஆட்ட, மாணவர் சக்கரங்களைத் திருப்பிச் சமநிலைக்கு வர வேண்டும். ஆட்டுபவரின் கைதான் அங்கே காற்று.

அந்தக் கையின் இடத்தில் காற்றுத் துருத்தியை வைத்தவர் எட்வின் லிங்க். நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகரில் அவருடைய தந்தைக்குப் பியானோ, ஆர்கன் செய்யும் தொழிற்சாலை இருந்தது. இசைக்கருவிக்கான துருத்திகளையும் வால்வுகளையும் கொண்டே 1929-இல் அவர் பயிற்சிப் பெட்டியை உருவாக்கினார். முதலில் அதை வாங்கியவை பொழுதுபோக்குப் பூங்காக்களே. 1934-இல் அமெரிக்கப் படையின் விமானப் பிரிவிடம் தபால் சுமக்கும் வேலை ஒப்படைக்கப்பட்டது. மேகத்துக்குள்ளும் இருளிலும் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கப் பழகாத விமானிகள் சில வாரங்களில் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் பிறகே படை ஆறு லிங்க் பெட்டிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தப் பெட்டிகளில் பயின்றிருந்தனர்.

லிங்க் பெட்டியில் நம் கவனத்துக்கு உரியது அதன் பக்கத்தில் இருந்த மேசை. மாணவர் உள்ளே ஏறியதும் மேல்மூடி சாத்தப்படும். வெளியே எதுவும் தெரியாது. மேசையில் மாணவர் பார்க்கும் அதே கருவிகளின் இரட்டைப் பிரதி, பேச ஒலிவாங்கி, விரித்த வரைபடம். வரைபடத்தின் மேல் மூன்று சிறு சக்கரங்களோடு ஒரு கருவி ஊரும். நண்டு என்றே அதற்குப் பெயர். மாணவர் பறந்த தடத்தை அது மையால் கோடு இழுத்துக்கொண்டே போகும். மூடியைத் திறந்து இறங்கி வரும் மாணவர், எந்த இடத்தில் வழி தப்பினேன் என்று அந்தக் கோட்டில் தானே பார்ப்பார். திட்டுக்கும் பாராட்டுக்கும் அப்பாற்பட்ட ஒரு சான்று அங்கே இருந்தது. சிமுலேட்டர் பயிற்றுநர் என்ற தொழில் இந்த மேசையில்தான் பிறந்தது என்று கருதுகிறேன். மாணவரின் உடலை ஆட்டுவதை விட்டு அவருடைய முடிவுகளை வாசிக்கும் ஆளாகப் பயிற்றுநர் மாறிய இடம் அது.

அந்த மேசையில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் விமானிகளும் அல்லர். போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படையின் மகளிர் பிரிவினர் அட்லாண்டாவில் தயாராகி, படைவிமானிகளுக்கு லிங்க் பெட்டியில் கருவிப் பறத்தலைக் கற்பித்தார்கள். கடற்படை விமானியாக அந்தப் பெண்களுக்கு அனுமதியே கிடையாது. ஓட்டத் தெரிந்தவர்தான் கற்பிக்க முடியுமா என்ற கேள்வி இத்தொழிலோடு கூடவே பிறந்துவிட்டது.

இந்தியா அந்தக் கேள்விக்கு வேறு பாதையில் விடை தேடியது. இங்கே பயிற்றுநருக்கென்றே ஒரு பள்ளி வந்தது. 1948-இல் அம்பாலாவில் தொடங்கிய பறத்தல் பயிற்றுநர் பள்ளி, 1954-இல் தாம்பரத்துக்கு வந்தது. ஏற்கனவே தேர்ந்த விமானிகளே இங்கே சேர்கிறார்கள். கையால் செய்வதை அதே கணத்தில் வாயால், மாணவருக்குப் புரியும் வரிசையில், தேவைக்கு மேல் ஒரு சொல் இல்லாமல் சொல்லக் கற்கிறார்கள். 'பேட்டர்' என்பார்கள் அதை. தேறியவர்கள் சி, பி, ஏ2, ஏ1 எனத் தரம் தரமாக உயர வேண்டும்.

ஆனால் விமானத்தில் கற்பிப்பதும் சிமுலேட்டரில் கற்பிப்பதும் ஒன்றல்ல. பயிற்சி விமானத்தில் பயிற்றுநரின் உயிரும் மாணவரின் கையில்தான் இருக்கிறது. அவர் குரலில் பதற்றம் வந்தால் அது நிஜப் பதற்றம். மாணவருக்கு உடனே உறைக்கும். தரையில் அந்த ஆபத்து இல்லை. எஞ்சினில் தீ, ஹைட்ராலிக் கோளாறு, ஓடுபாதையில் மூடுபனி எல்லாம் அவர் ஒரு பொத்தானை அழுத்தினால் வரும். இன்னொரு பொத்தானில் காட்சி அப்படியே உறையும். எப்போது கோளாறைக் கொடுப்பது, எதுவரை மாணவரைத் தவறவிட்டுப் பார்ப்பது, எந்த நொடியில் நிறுத்துவது என்பதில்தான் தேர்ச்சி. அவசரப்பட்டு நிறுத்தினால் மாணவர் தன் தவறின் விளைவைக் காண மாட்டார். மிகவும் தாமதித்தால் தவறே பழக்கமாகிவிடும்.

இந்தியப் படைகளுக்கு நவீன சிமுலேட்டர்கள் பெரும்பாலும் விமானக் கொள்முதலோடு சேர்ந்தே வந்தன. கிரண் விமானத்திலிருந்து நேரே மிக்-21-க்குத் தாவிய இளம் விமானிகளின் விபத்துகளை முன்வைத்து, நவீன ஜெட் பயிற்சி விமானம் வேண்டும் என்று 1982-இலேயே லா ஃபோந்தேன் குழு பரிந்துரைத்தது. ஹாக் விமானங்களுக்கான ஒப்பந்தம் 2004-இல்தான் கையெழுத்தானது. 2008-இல் பீதரில் அவை சேர்ந்தன, சிமுலேட்டரும் உடன் வந்தது. 1982-க்கும் 2008-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் போன இளம் உயிர்களை நினைக்காமல் இந்த வரலாற்றை எழுத முடியாது.

பயிற்றுநர் கொடுக்கும் ஒரு கோளாறின் மதிப்பு என்ன என்பதற்கு மிகத் தெளிவான சான்று ஹூஸ்டனில் கிடைக்கிறது. 1969 ஜூலை 5. அப்பல்லோ 11 கிளம்ப இரண்டு வாரம்கூட இல்லை. பயிற்சி மேற்பார்வையாளர் ரிச்சர்ட் கூஸ், நிலவில் இறங்கும் ஒத்திகையின் நடுவே 1201 என்ற கணினி எச்சரிக்கையை நுழைத்தார். வழிகாட்டு அதிகாரி ஸ்டீவ் பேல்ஸ் அது என்னவென்று புரியாமல் இறக்கத்தைக் கைவிடச் சொன்னார். கலம் சரியாகத்தான் இயங்கிக்கொண்டிருந்தது, கைவிட்டிருக்க வேண்டியதில்லை என்று பயிற்சிக்குப் பின் கூஸ் எடுத்துக்காட்டினார். அதன் பிறகே அந்த எச்சரிக்கைகளுக்கெல்லாம் என்ன செய்வது என்ற பட்டியலைக் கணினிப் பொறியாளர் ஜாக் கார்மன் தயாரித்தார். ஜூலை 20 அன்று நிஜ இறக்கத்தில் 1202 வந்தது. பேல்ஸும் கார்மனும் நொடிகளில் 'தொடரலாம்' என்றார்கள்.

அடுத்த பெரிய மாற்றம் விபத்துகளிலிருந்து வந்தது. 1977-இல் டெனரிஃப் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தபோது, விமானங்களில் கோளாறு எதுவும் இருக்கவில்லை. விமானி அறைக்குள் ஒருவரின் ஐயத்தை இன்னொருவர் காதில் வாங்கவில்லை. 1979-இல் நாசா கூட்டிய பயிலரங்கிலிருந்து குழு ஒருங்கிணைப்புப் பயிற்சி வளர்ந்தது; படைகளும் அதை ஏற்றன. அதன் தேவையைப் புரிந்துகொள்ள அரக்கோணம் போதும். ஐஎன்எஸ் ராஜாளி தளத்துக்கு 2013-இல் வந்த பி-8ஐ கடல் ரோந்து விமானத்தில், ஓட்டுபவர்களைவிடத் திரைகளின் முன் உட்கார்ந்து நீர்மூழ்கியைத் தேடுபவர்களே அதிகம். 2022-இல் அங்கே கட்டி முடிக்கப்பட்ட பயிற்சி மையம் அந்த முழுக் குழுவையும் தரையிலேயே பணியில் இறக்குகிறது. இங்கே பயிற்றுநர் எழுத வேண்டியது ஒற்றைக் கோளாறை அல்ல. மணிக்கணக்கில் நீளும் ஒரு கடல் நாடகத்தை. யார் யாரிடம் எதைச் சொல்லாமல் விட்டார் என்பதையும் அவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

தரையில் எல்லாமே கிடைத்துவிடாது. உடலை அழுத்தும் ஜி-விசையையும், திசை மயக்கத்தையும் விமானிகள் உணர்ந்து பழக, பெங்களூரில் விமானப் படையின் வான்வெளி மருத்துவ நிறுவனத்தில் சுழல் எந்திரங்கள் தனியே இருக்கின்றன. கண் காண்பதும் உடல் உணர்வதும் ஒத்துப்போகாமல் சிமுலேட்டரிலேயே குமட்டல் வருவதும் உண்டு.

ககன்யான் இந்தத் தொழிலைப் புதிய நெருக்கடியில் நிறுத்தியிருக்கிறது. நால்வரும் 2020 முதல் 2021 வரை ரஷ்யாவின் ககாரின் மையத்தில் பயின்றார்கள், பிறகு பெங்களூரில். சுக்லா 2025 ஜூன் 25 அன்று ஆக்சியம்-4 விண்வெளிப் பயணத்தில் கிளம்பினார். அவருக்கு மாற்றாகத் தயாராக இருந்தவர் பிரசாந்த். அந்தப் பயணத்துக்காக இருவரும் பயின்றது டிராகன் கலத்தில். அதில் பறந்து திரும்பியவர்கள் ஏற்கனவே இருந்தார்கள். ககன்யான் கலத்திலோ, இக்கட்டுரை எழுதப்படும் நாள்வரை எவரும் பறக்கவில்லை. தாம்பரம் வகுத்த நெறிப்படி, ஓட்டித் தேர்ந்தவர்தான் கற்பிக்க வேண்டும். இந்தக் கலத்துக்கு அப்படி ஒருவர் இன்னும் இல்லை. கலத்தை வடிவமைத்த பொறியாளர்கள்தான் பயிற்சிக் கோளாறுகளை எழுத முடியும். அந்தக் கோளாறு நிஜத்தில் எப்படித் தோன்றும் என்று அவர்களோடு வாதிடக்கூடியவர்கள் உள்ளே உட்காரும் பயிற்றுநர்களே. அந்த வாதங்களின் பதிவுகள், கலத்தின் வரைபடங்களுக்கு இணையாகப் பாதுகாக்கப்பட வேண்டிய ஆவணங்கள்.