ஹெல்லர்: ஓர் உப்பூரின் காசு

தென்மேற்கு ஜெர்மனியில், கோஹர் ஆற்றங்கரையில் இருக்கும் ஷ்வேபிஷ் ஹால், உப்பு ஊற்றால் செழித்த ஊர். பழைய பெயர் வெறும் ‘ஹால்’. உப்பு எடுத்த ஹாலே, ஹாலைன், ரைஷன்ஹால் ஆகிய ஊர்களின் பெயரிலும் அதே ஒலி உண்டு. 12ஆம் நூற்றாண்டில் ஹோஹென்ஸ்டாஃபன் அரசர்களின் அக்கசாலை இங்கே இயங்கியது. அதில் அடித்த சிறு வெள்ளிக்காசு ‘ஹாலர் ஃபெனிக்’, அதாவது ஹால் ஊர்க் காசு. நாளடைவில் ஃபெனிக் உதிர்ந்தது. ஹாலர் ‘ஹெல்லர்’ என்று திரிந்தது.

ஒரு பக்கம் விரித்த கை, மறுபக்கம் சிலுவை. ஆண்டு கிடையாது. எடை ஏறக்குறைய அரை கிராம். தகட்டை நாற்புறமும் தட்டிச் சமன்செய்த பிறகே அச்சடித்ததால், காசின் நடுவே ஒரு சதுரத் தடம் தெரியும். விரல்களும் எழுத்தும் அதன் மேல் பாதிதான் பதிந்திருக்கும். புதிதாகச் சேகரிப்பவர் இதைத் தேய்மானம் என்று ஒதுக்கிவிடக்கூடும். எனக்கோ காசில் முதலில் தேட வேண்டியதே அந்தச் சதுரம்தான்: தொழிலாளியின் சுத்தியல் விழுந்த இடம் அது.

வெள்ளி குறைந்த காசு என்பதே இதன் பலம். நல்ல காசைப் பெட்டியில் பூட்டிவிட்டு ஹெல்லரைக் கைமாற்றினார்கள் மக்கள். 13ஆம் நூற்றாண்டில் தென் ஜெர்மனியெங்கும் அது பரவ, பிற அக்கசாலைகளும் இதே கையையும் சிலுவையையும் பொறித்து வெளியிட்டன. சொல் ஊரைவிட்டுப் பிரிந்தது அப்போதுதான். ஹாலில் அடித்தது என்ற பொருள் போய், அரை ஃபெனிக் என்ற மதிப்பு மட்டும் நின்றது. வெள்ளி மேலும் குறைந்து செம்பு தூக்கலாகவே, ‘சிவப்பு ஹெல்லர்கூடப் பெறாது’ என்ற வசவு பிறந்தது. நம் சல்லிக்காசின் உடன்பிறப்பு. ஆனால் ஹால் நகரம் அந்தக் காசைக் கைவிடவில்லை. கையும் சிலுவையும் இன்றும் அதன் நகரச் சின்னத்தில் இருக்கின்றன.

1892இல் ஆஸ்திரியா-ஹங்கேரி தன் புதிய குரோனை 100 ஹெல்லராகப் பிரித்தது. ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவிலோ அதுவரை ஒரு ரூபாய்க்கு 64 பைசா. 1904இல் அதுவும் 100 ஹெல்லர் ஆனது. முதல் உலகப்போரில் கடல்வழி அடைபட்டபோது, 1916இல் அந்தக் காலனியின் தபோரா ஊரில், ரயில் பட்டறையில் பித்தளையிலும் செம்பிலும் 20 ஹெல்லர் காசுகளை அடித்தார்கள். உப்பூரின் பெயர் வெள்ளியையே துறந்து அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. செக் மொழியில் ஹெல்லரின் பெயர் ‘ஹாலேர்ஷ்’. செக் நாட்டில் கடைசி ஹாலேர்ஷ் காசு 2008இல் புழக்கத்திலிருந்து நீங்கியது. ஆனால் ஒரு கொருனா இன்றும் சட்டப்படி 100 ஹாலேர்ஷ்தான்.