எல்லை தாண்டி வந்தவரும் நாட்டின் சட்டமும்



ஆளும் அதிகாரத்திற்குப் பணிந்து நடக்க வேண்டும் என்று உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 13-ஆம் அதிகாரத்தில் புனித பவுல் கற்பிக்கிறார். புனித பேதுருவும் தம் முதல் திருமுகத்தில் (2:13-17) இதையே வலியுறுத்துகிறார். மறுபுறம், அந்நியரை ஒடுக்காமல் சொந்த மக்களைப்போல் நேசிக்கும்படி லேவியர் நூல் (19:33-34) கட்டளையிடுகிறது. அனுமதியில்லாமல் எல்லை தாண்டி வந்த ஒருவர் நம்முன் நிற்கும்போது இவற்றில் எதைக் கடைப்பிடிப்பது? இது அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் மட்டும் உரிய கேள்வி அல்ல. நம் கடலூர் மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன.

1983 ஜூலைக் கலவரத்திற்குப் பிறகு வந்தவர்களில் பெரும்பாலோர் படகேறி இராமேசுவரம் பக்கம் கரையிறங்கியவர்கள். உயிருக்குப் பயந்து ஓடுகிறவர் பாஸ்போர்ட் அலுவலக வரிசையில் நிற்க முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது நம் கிள்ளைக்கு அருகே எம்.ஜி.ஆர். திட்டிலிருந்து தப்பியவர்களில் எத்தனை பேர் ரேஷன் கார்டைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடினார்கள்?

அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆகவே நம் சட்டத்தில் 'அகதி' என்று தனி வகை கிடையாது, எல்லோரும் அயல்நாட்டவரே. குடியுரிமைச் சட்டத்தின் 2003-ஆம் ஆண்டுத் திருத்தம், உரிய ஆவணமின்றி நுழைந்தவரைச் சட்டவிரோதக் குடியேறி என்று வகுத்து, பதிவு மூலம் குடியுரிமை பெறும் வழியை அடைத்தது. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறக்கும் குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமலும் இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை உண்டு. முகாமிலேயே பிறந்து, தமிழக அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளையும் அயல்நாட்டவர்தான். 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாட்டவருக்கு மட்டுமே வழிதிறந்தது. இலங்கை அதில் இல்லை.

பழைய அயல்நாட்டவர் சட்டங்களுக்குப் பதிலாகக் குடியேற்றம் மற்றும் அயல்நாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. 2015 ஜனவரி 9 வரை இங்கு தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாமைக்கான தண்டனையிலிருந்து அப்போது விலக்கு அளிக்கப்பட்டது. இது நல்ல செய்திதான். ஆனால் விலக்கு வேறு, குடியுரிமை வேறு. 2022-இல் இலங்கையில் பொருளாதாரம் சரிந்தபோது பால்மாவும் எரிவாயுவும் கிடைக்காமல் தனுஷ்கோடியில் வந்திறங்கிய குடும்பங்களுக்கு இந்த விலக்கும் பொருந்தாது.

இனி பவுலடிகளாரிடம் திரும்புவோம். 13-ஆம் அதிகாரத்தைத் தனியே பிரித்தெடுத்து வாசிப்பதுதான் பல குழப்பங்களுக்குக் காரணம். அதற்கு முந்தைய அதிகாரம் (12:13) விருந்தோம்பலைக் கடமையாக்குகிறது; அடுத்த வசனங்கள் (13:8-10) அன்பே சட்டத்தின் நிறைவு என்கின்றன. அதிகாரம் மக்களின் நன்மைக்காகக் கடவுளுக்குப் பணி செய்வது என்பதே பவுலின் வாதம். நன்மைக்கு எதிரான ஆணையும் மனச்சான்றைக் கட்டுப்படுத்தும் என்று அவர் சொல்லவில்லை. எபிரேயக் குழந்தைகளைக் கொல்ல மறுத்த மருத்துவப் பெண்களை விடுதலைப் பயணம் (1:15-21) போற்றுகிறது. பவுலும் தம் உரோமைக் குடியுரிமையைக் காட்டிச் சாட்டையடியைத் தவிர்த்தவர் (திப 22:25). உரிமைச் சீட்டு ஒன்று கையில் இருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று அவருக்குத் தெரியும்.

திருக்குடும்பம் எகிப்துக்கு 'விசா இல்லாமல்' போனது என்று மறையுரைகளில் சொல்வதுண்டு. எகிப்தும் அன்று உரோமை ஆட்சிக்கு உட்பட்டதுதான். அந்த ஒப்புமை கொஞ்சம் மிகை. ஆனால் ஏரோதின் வாளுக்குத் தப்பி இரவோடு இரவாக ஓடினார்கள் என்பது உண்மை, அதுவே போதும்.

திருச்சபையின் போதனை இருபக்கமும் பார்க்கிறது. கத்தோலிக்க மறைக்கல்வி ஏடு (2241) வளமான நாடுகள் தம்மால் இயன்ற அளவு அந்நியரை வரவேற்கக் கடமைப்பட்டவை என்கிறது. குடியேறுவதற்கு நிபந்தனை விதிக்க அரசுக்கு உரிமை உண்டு என்கிறது. வந்தவர் அந்த நாட்டின் சட்டத்தை மதித்து அதன் சுமைகளைப் பகிர வேண்டும் என்றும் கூறுகிறது. ஆகவே எல்லையே வேண்டாம் என்று திருச்சபை சொல்வதில்லை. இந்தியா எல்லோரையும் ஏற்கும் சத்திரம் அல்ல என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியதும் அரசின் இந்த உரிமையைப் பற்றியதே. நிபந்தனை விதிக்கலாம். ஆனால் நாற்பது ஆண்டுகள் நிபந்தனைகளை நிறைவேற்றியவருக்கு என்ன பதில் என்பதுதான் என் கேள்வி. முகாமில் தங்கு என்றார்கள், தங்கினார்கள். வருகைப் பதிவுக்கு வா என்றார்கள், வருகிறார்கள். கீழ்ப்படிதலைப் பற்றி அவர்களுக்கு நாம் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை.

திரும்பிப் போவதும் எளிதன்று. 2025 மே மாதம் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு ஊர் திரும்பிய முதியவர் ஒருவர், முன்பு முறையான ஆவணமின்றி நாட்டைவிட்டு வெளியேறினார் என்று யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். பின்னர் விடுவிக்கப்பட்டாலும், போகலாம் என்று நினைத்திருந்த குடும்பங்களை இது யோசிக்க வைத்திருக்கும்.

நடைமுறைக்கு வருவோம். திருமுழுக்குக்கு எந்தக் குடியுரிமையும் தேவையில்லை. ஆனால் சான்றிதழில் பிறந்த ஊரை மாற்றி எழுதித் தரும்படி ஒரு குருவிடம் கேட்டால் அவர் மறுக்கத்தான் வேண்டும். பொய்ச் சான்று பிடிபட்டால் குடும்பமே வழக்கில் சிக்கும். உண்மையான பதிவு சில வேளை காப்பாற்றும்: 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் என்பதால், 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பாஸ்போர்ட்டுக்கான உத்தரவு பெற்றார். பழைய பங்குப் பதிவேடுகளைப் பத்திரப்படுத்துவது இதற்காகவும்தான்.

புதிய சட்டப்படி பள்ளிகளும் மருத்துவமனைகளும் தங்களிடம் வரும் அயல்நாட்டவர் பற்றிய விவரத்தை அரசுக்குத் தர வேண்டும். நம் நிறுவனங்கள் தரட்டும், அதில் பாவமில்லை. அந்த எழுத்து வேலைக்குச் சலித்துக்கொண்டு பிள்ளைக்கு இடமில்லை என்று அனுப்புவதற்கு எந்தச் சட்டமும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. முகாமிலிருந்து பெயிண்ட் அடிக்க வருபவர் காவல் நிலையத்துக்குப் போகத் தயங்குவார் என்று தெரிந்து நாளுக்கு நூறு ரூபாய் குறைத்துக் கொடுப்பவர்கள், யாக்கோபு திருமுகம் 5:4-ஐ எடுத்து வாசித்துவிட்டு மீதிப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.